ஆறு கிலோ அரைத்த மாட்டிறைச்சி: பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம்?

கேள்வி (கிண்ணியா):
ஹஜ்ஜுப் பெருநாள் குர்பான் இறைச்சியில் ஆறு கிலோவை அரைத்து வைத்திருக்கிறேன். கட்லட் இரண்டு தடவை செய்தாயிற்று. சின்னவளுக்கு நாலு வயது, உறைப்பு ஆகாது. வேறு என்ன செய்யலாம்?

பதில் (மூதூர்):
தங்கச்சி, முதலில் அரைக் கிலோப் பைகளாகத் தட்டையாக அமர்த்தி ஃப்ரீசரில் வையுங்கள். சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். இளக வைப்பதும் ஃப்ரிட்ஜுக்குள்தான். நம்ம ஊர் வெக்கையில் வெளியே வைக்கவே கூடாது. 3, 4 மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

நான் ஒரு கிலோவை வெங்காயம், இஞ்சி, பூண்டு, ரம்பை, கொஞ்சம் மிளகு போட்டு, தண்ணீர் வற்றும்வரை வதக்கி வைப்பேன். மிளகாய்த்தூள் போடமாட்டேன். அதில் பாதிக்குத் தேங்காய்ப்பால் விட்டால் இரவு இடியப்பத்துக்கு ஆகும். மறுநாள் மீதியில் அவித்த உருளைக்கிழங்கைப் பிசைந்து ரோல்ஸ் சுற்றுவேன். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் சூட்டோடேயே முடித்துவிடுவார்கள். உறைப்பு வேண்டியவர்களுக்குக் கட்டைச் சம்பல் தனியாக.

பதில் (திருகோணமலை நகர்):
உருண்டைக் கறியும் செய்யுங்கள். பாலில் நனைத்துப் பிழிந்த பாண் துண்டைச் சேர்த்துப் பிசைந்தால் உருண்டை மெத்தென்று வரும். உள்ளே சிவப்பு இல்லாமல் வேக வேண்டும்.

கேட்டவர்:
நன்றி ராத்தா. இடியப்பத்துக்கு மா வறுத்தாயிற்று, இன்று இரவே செய்கிறேன்.