கேம் வீடியோவில் குரல் மட்டும் பிந்துகிறது

உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். அன்ட்ரொயிட் 13 போனில் கேமை ஸ்கிரீன் ரெக்கோர்ட் செய்கிறேன். குரலை விண்டோஸ் 11 லப்டொப்பில் யூஎஸ்பி மைக்கால் தனியாகப் பதிகிறேன். போன மாதம் மைக் மாற்றியதில் இருந்து இந்தத் தொல்லை.

எடிட் செய்யும்போது தொடக்கத்தில் எல்லாம் சரி. ஒரு மணி நேர வீடியோவின் முடிவில் குரல் அரை விநாடி பிந்துகிறது. கேமில் ஆள் சூடுபட்டு விழுந்த பிறகு "கவனம்" என்று கத்துகிறேன், பார்க்கவே பகிடி.

போன் வீடியோவில் ஃபிரேம் ரேட் (விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) ஏறி இறங்கும் என்பதால் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான 60க்கு மாற்றினேன். கேமின் சத்தம் படத்தோடு பொருந்திவிட்டது, குரல் அப்படியே. இரண்டு ஓடியோவின் சாம்பிள் ரேட்டும் (விநாடிக்கு எத்தனை தடவை ஒலியை அளந்து பதிகிறது என்பது) 48 கிலோஹெர்ட்ஸ்தான், பார்த்துவிட்டேன். துண்டு துண்டாக வெட்டி நகர்த்தினால் சரிவரும்தான், ஆனால் ஒவ்வொரு வீடியோவுக்கும் யாருக்கு அந்தப் பொறுமை? டவுனில் கேட்டால் புது லப்டொப் வாங்கச் சொல்கிறார்கள்.

குரலின் சுருதி மாறாமல் முழு டிராக்கையும் ஒரே தடவையில் அந்த அரை விநாடி சுருக்க, ஒடாசிட்டி என்ற ஓடியோ எடிட் மென்பொருளில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?