அம்மாவின் போனில் கல்யாணப் பத்திரிகை ஏபிகே: அப்பாவின் படங்களை எப்படி எடுப்பது?

வணக்கம். நாங்கள் பினாங்கு, ஆயர் ஈத்தாம். அம்மாவின் சாம்சங் ஏ14-க்கு வியாழன் இரவு வாட்சாப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. அனுப்பியது அத்தையின் எண் (அவர் கணக்கும் பறிபோயிருந்தது, அப்புறம்தான் தெரிந்தது). அம்மா தட்டிவிட்டார். அது படமில்லை, ஏபிகே (ஆண்ட்ராய்டில் செயலியை நிறுவும் கோப்பு). எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டதற்கும் சரி கொடுத்திருக்கிறார்.

காலையில் பார்த்தால் நாம் கேட்காத டிஏசி எண்கள் (பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்ய எஸ்எம்எஸ்ஸில் வரும் ஒருமுறைக் குறியீடுகள்) நான்கு. இ-வாலட்டில் 480 ரிங்கிட் காணோம்.

உடனே சிம்மைக் கழற்றி வைஃபையை நிறுத்தினேன். 997-க்கும் (மலேசியாவின் மோசடிப் புகார் எண்) வங்கிக்கும் அழைத்து, போலீஸ் புகாரும் கொடுத்தாயிற்று. என் லேப்டாப்பிலிருந்து கூகுள் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றி, இரண்டு படிச் சரிபார்ப்பும் போட்டேன்.

செயலிதான் போக மாட்டேன் என்கிறது. பட்டியலில் பெயரில்லாத ஒரு வெள்ளை ஐகான். டிவைஸ் அட்மினில் (செயலிக்குப் போன் மேல் கூடுதல் அதிகாரம் தரும் பகுதி) டிக்கை எடுக்கப் போனால் செட்டிங்ஸ் தானாக மூடிக்கொள்கிறது. சேஃப் மோடில் (நாம் நிறுவிய செயலிகள் ஓடாத நிலை) ஒருவழியாக நீக்கினேன். திரும்ப ஆன் செய்தால் வேறு பெயரில் இன்னொன்று நிற்கிறது!

கொம்தாரில் ஒரு கடைக்காரர் போனில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொன்னார். செய்யலாம்தான். ஆனால் அப்பாவின் கடைசி இரண்டு வருடப் படங்கள் அந்தப் போனில் மட்டும்தான் இருக்கின்றன, பேக்கப் போட்டதே இல்லை.

ரீசெட்டுக்கு முன், இணையம் இல்லாமல், யூஎஸ்பி கேபிளில் கேமராப் படங்கள் இருக்கும் டிசிஐஎம் ஃபோல்டரை மட்டும் விண்டோஸ் 11 லேப்டாப்புக்கு எடுத்தால் அந்தச் சனியனும் கூடவே வந்துவிடுமா?