ஓடாத 1984 எஸ்டி ரோடுகிங்: சரிசெய்து விற்பதா, இருக்கிறபடியே விற்பதா?

ஈரோட்டுப் பையன்:
அப்பாவின் 1984 எஸ்டி ரோடுகிங் பைக். பதினொரு வருடமாகத் தாழ்வாரத்தில் நிற்கிறது. அப்பா தவறி மூன்று வருடம் ஆகிறது. கிக்கர் இறங்கவே மாட்டேன் என்கிறது, டேங்க் உள்ளே துரு, சீட்டை எலி கடித்திருக்கிறது, இடது சைலன்சரில் ஓட்டை. பெயிண்ட் மட்டும் கம்பெனியில் அடித்ததே. புரோக்கர் ஒருவர் 22,000 தருகிறேன் என்றார். மெக்கானிக் ஒருவர், 60,000 செலவு செய்தால் புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன், ஒன்றரை லட்சத்துக்குப் போகும் என்கிறார். தங்கையின் கல்லூரிச் செலவுக்காக விற்பது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. எப்படி விற்பது என்று மட்டும் சொல்லுங்கள்.

டூஸ்ட்ரோக் தாசன்:
தம்பி, சரிசெய்து விற்றுவிடு. ஓடாத வண்டியைப் பார்க்க வருகிறவன் அதை இரும்பாகத்தான் எடை போடுவான். ஸ்டார்ட் ஆகி, இரண்டு சைலன்சரிலும் அந்தச் சத்தம் வந்தால் பேச்சே வேறு. எஸ்டியைத் தயாரித்த ஐடியல் ஜாவா கம்பெனியை மைசூரில் 1961-ல் ஆரம்பித்து 1996-ல் மூடிவிட்டார்கள். இனி அந்த வண்டி யாருக்கும் புதிதாகக் கிடைக்காது. 2022-ல் எஸ்டி பெயரில் வந்தவை வேறு, அவை ஃபோர்ஸ்ட்ரோக் இன்ஜின், இது டூஸ்ட்ரோக். விசாரித்துப் பார், ஆசைப்படுகிறவர்கள் காத்திருக்கிறார்கள்.

கிராங்க்கேஸ்:
நான் இதற்கு நேர் எதிர். முப்பது வருடமாக லேத் வைத்திருக்கிறேன், இந்த ஜாவா, எஸ்டி வண்டிகளுக்கு சிலிண்டர் குடையும் போர் வேலை கணக்கில்லாமல் செய்திருக்கிறேன். 60,000 என்று ஆரம்பிக்கிற வேலை 60,000-ல் நின்று நான் பார்த்ததில்லை. சிலிண்டரைக் கழற்றினால் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) பேரிங்கில் துரு தெரியும். கிராங்கைத் தொட்டால் ஆயில் சீல் கல்லாகிப் போயிருக்கும். டூஸ்ட்ரோக்கில் சீல் காற்று இழுத்தால் பெட்ரோல் கலவை வறண்டு, புதிதாகப் போட்ட பிஸ்டனே சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் குரோமியப் பூச்சு, அப்புறம் ரிம். பாதியில் பணம் தீர்ந்தால் வண்டி சாக்குமூட்டையில் பாகம் பாகமாகக் கிடக்கும். அப்படிக் கிடக்கிற வண்டிக்கு 22,000 கூட வராது.

பெயிண்ட் கம்பெனியில் அடித்தது என்கிறாய் பார், அதுதான் உன் கையில் இருக்கிற சொத்து. அதைத் தேய்த்துப் புதுப் பெயிண்ட் அடித்துவிட்டால் திரும்ப வராது.

டூஸ்ட்ரோக் தாசன்:
அண்ணே, பெயிண்டைத் தொடச் சொல்லவில்லை. ஆனால் இன்ஜின் ஓடாமல் விற்பது பையனுக்கு நஷ்டம். வாங்குகிறவன் உள்ளே என்ன பழுதென்று தெரியாமல் மோசமானதையே கணக்குப் போட்டுக் குறைத்துக் கேட்பான். அந்தப் பயத்தை நாம் ஏன் இலவசமாகக் கொடுக்க வேண்டும்?

மலைக்கோட்டை:
நீங்கள் இருவரும் இன்ஜினைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆர்.சி. (பதிவுப் புத்தகம்) இறந்தவர் பெயரில் இருக்கிறது. தம்பி, முதல் வேலை அதுதான். வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழோடு ஃபார்ம் 31 கொடுத்து உன் பெயருக்கோ அம்மா பெயருக்கோ மாற்று. பிறகு விற்கும்போது வாங்குகிறவர் பெயருக்கு மாற்ற ஃபார்ம் 29, 30. புரோக்கரிடம் வெற்று ஃபார்மில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதே. வண்டி யார் பெயரில் பதிவாகி இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீடும் அவர் தலையில்தான் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. என் சித்தப்பா 2009-ல் விற்ற மொபெட்டுக்காக ஆறு வருடம் கழித்து கோர்ட் படியேறினார்.

இன்னொன்று. விளம்பரத்தில் 'விண்டேஜ்' என்று போடாதே. 2021 விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் ஆகியிருக்க வேண்டும். 1984 வண்டிக்கு 2034 வரை அந்தப் பேச்சே இல்லை. பதிவு 15 வருடத்துக்குத்தான், அப்புறம் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பித்தாரா என்று புத்தகத்தில் பார்.

கிராங்க்கேஸ்:
அந்த 2021 விதியே சேஸ், பாடி, இன்ஜின் எதையும் மாற்றாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. பத்து வருடம் கழித்து இந்த வண்டிக்கு மதிப்புக் கொடுக்கப்போவதும் அதுதான். இன்று வேறு வண்டியின் கிராங்க்கேஸை (நம்பர் பதித்த இன்ஜின் கூடு) போட்டு ஓட்டிவிட்டால் இன்ஜின் நம்பர் புத்தகத்தோடு ஒத்துப்போகாது. ஒரு பென்சிலை எடுத்து, நம்பர் மேல் வெள்ளைத் தாளை வைத்துத் தேய். எழுத்து தானாகத் தாளில் எழும். சேஸ் நம்பருக்கும் அப்படியே. இரண்டும் புத்தகத்தோடு ஒத்தால் அந்தத் தாளைப் போட்டோ எடுத்து விளம்பரத்தில் போடு. நீ ஆயிரம் வார்த்தை சொல்வதைவிட வாங்குகிறவன் அந்தத் தாளை நம்புவான்.

டூஸ்ட்ரோக் தாசன்:
சரி, நம்பர் விஷயத்தில் அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு. அப்படியானால் நானும் இறங்கி வருகிறேன். 60,000 வேண்டாம். இறுகிப் பிடித்திருக்கும் பிஸ்டனை மட்டும் விடுவித்துப் பார்க்கலாம். தம்பி, கிக்கரில் ஏறி நின்று மிதிக்காதே, பல் போய்விடும். கிக்கரும் கியரும் ஒரே லீவர் என்பதால் உடைந்தால் இரண்டும் போச்சு. பிளக்கைக் கழற்றி, டீசலும் ஆயிலும் பாதிப் பாதி கலந்து அந்த ஓட்டை வழியே விடு. நான்கைந்து நாள் ஊறட்டும். பிறகு நான்காவது கியரில் போட்டு, பின் சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டு. அசைந்தால் அதைச் சொல்லி விற்கலாம்.

கிராங்க்கேஸ்:
அசைந்தாலும் ஸ்டார்ட் செய்யாதே. துரு பிடித்த பேரிங்கோடு ஓட்டினால் இருக்கிற கிராங்கும் போகும். இதில் நான் மாறமாட்டேன்.

டூஸ்ட்ரோக் தாசன்:
சத்தம் கேட்காமல் எவனும் நல்ல விலை தரமாட்டான். நானும் மாறமாட்டேன்.

ஈரோட்டுப் பையன்:
ஐந்து நாள் ஊற வைத்தேன். இன்று காலை நானும் தங்கையும் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினோம். முதலில் ஒன்றுமில்லை. கால் மணி நேரம் கழித்து 'டக்' என்று ஒரு விரற்கடை நகர்ந்தது, அப்புறம் முழுச் சுற்று. பிளக் ஓட்டையிலிருந்து கருப்பு ஆயில் என் சட்டையெல்லாம் தெளித்தது. டூல் பாக்ஸில் அப்பா பெட்ரோலுக்கு ஆயில் அளக்கும் அலுமினியக் குவளை இருந்தது. அதை மட்டும் நாங்கள் வைத்துக்கொள்கிறோம்.

ஸ்டார்ட் செய்யவில்லை. வாரிசுச் சான்றிதழுக்கு மனுக் கொடுத்துவிட்டேன். பென்சில் படி இரண்டும் புத்தகத்தோடு ஒத்துப்போகிறது. கடைசிப் புதுப்பித்தல் 2014-ல், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பெயர் மாறியதும் போடப்போகும் விளம்பரம்:

"1984 ரோடுகிங், ஒரே உரிமையாளர் குடும்பம். 11 வருடமாக ஓடவில்லை. இன்ஜின் திறக்கப்படவில்லை, கையால் சுற்றினால் சுற்றுகிறது. டேங்க் உள்ளே துரு, இடது சைலன்சர் ஓட்டை, சீட் கிழிசல். பெயிண்ட் கம்பெனியுடையது. பதிவு புதுப்பிக்க வேண்டும். பெயர் மாற்றாமல் வண்டி வெளியே போகாது. 55,000."

மலைக்கோட்டை:
டேங்க் உள்ளே டார்ச் அடித்து ஒரு போட்டோவும் சேர். 'துரு' என்று படிப்பவன் ஓட்டையோ என்று நினைப்பான்.

டூஸ்ட்ரோக் தாசன்:
ஸ்டார்ட் ஆகியிருந்தால் 80,000 கேட்டிருக்கலாம் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனாலும் 45,000-க்குக் கீழே இறங்காதே தம்பி.