டாக்போன் இணைப்பு: வெட்டு ஆழம் 30 மி.மீ. போதுமா? கீழ் பேக்கிங் பட்டையை எடுத்தே ஆகணுமா?

கேள்வி

சிறப்பு மொமென்ட் ஃபிரேமுக்கு (நிலநடுக்கத்தைத் தாங்கும் எஃகுச் சட்டகம்) டாக்போன் (ஆர்பிஎஸ்) இணைப்பு, அதாவது தூணுக்கு அருகே பீமின் ஃபிளாஞ்சுகளை (மேல், கீழ்த் தகடுகள்) இருபக்கமும் வளைவாக வெட்டி, பீம் அங்கேயே முதலில் வளைந்துகொடுக்கச் செய்வது. பீம் டபிள்யூ24×76: ஆழம் 607, ஃபிளாஞ்ச் அகலம் 228, தடிமன் 17.3 மி.மீ., பிளாஸ்டிக் மாடுலஸ் (வளைவைத் தாங்கும் குறுக்குவெட்டின் அளவு) 32.8 லட்சம் கன மி.மீ. ஈல்டு (நிரந்தரமாக நீளத் தொடங்கும் அழுத்தம்) 345, அல்டிமேட் (உச்சப் பலம்) 450 எம்பிஏ. தூண்கள் மையத்துக்கு மையம் 9 மீ., தூண் ஆழம் 360 மி.மீ. நிலநடுக்கத்தோடு சேரும் செங்குத்துச் சுமை மீட்டருக்கு 30 கிலோநியூட்டன். தூண் முகத்திலிருந்து 140 விட்டு, 450 நீளத்துக்கு, பக்கத்துக்கு 30 மி.மீ. ஆழம் வெட்டுகிறேன். தூண் முகத்தில் மொமென்ட் (வளைக்கும் திருப்புவிசை) பீமின் பலத்தைத் தாண்டிப்போகிறது. பீமைப் பெரிதாக்கணுமா?

இன்னொன்று. மேல் ஃபிளாஞ்சில் பேக்கிங் பட்டையை (வெல்டு உலோகம் ஒழுகாமல் அடியில் வைக்கும் எஃகுப் பட்டை) விட்டுவைக்கலாம் என்றால் கீழே மட்டும் ஏன் எடுக்கச் சொல்கிறீர்கள் என்று ஃபேப்ரிகேட்டர் கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

மறுமொழி 1

பீமைத் தொடாதீர்கள். பெரிய பீம் போட்டால் வெல்டுக்கும் தூணுக்கும் போகிற விசையும் சேர்ந்தே பெருக்கும். வெட்டைத்தான் ஆழப்படுத்தணும். ஏஐஎஸ்சி 358 (அமெரிக்க எஃகு இணைப்பு விதிநூல்) படி ஆழம் ஃபிளாஞ்ச் அகலத்தில் 0.1 முதல் 0.25 மடங்கு, அதாவது உங்களுக்கு 23 முதல் 57 வரை. 140, 450 இரண்டும் வரம்புக்குள்தான் இருக்கின்றன.

30 மி.மீ. வெட்டில் மிஞ்சும் மாடுலஸ் 26.7 லட்சம். அதை 1.15 (எஃகு கடினமாவதற்கு) × 1.1 (உண்மை ஈல்டு கூடுதலாக இருப்பதற்கு) × 345 ஆல் பெருக்கினால் சாத்தியமான உச்ச மொமென்ட் 1,164 கிலோநியூட்டன் மீட்டர். வெட்டின் மையத்தில் ஷியர் (குறுக்கு விசை) 413 கிலோநியூட்டன் (நிலநடுக்கப் பங்கு 294, சுமையின் பங்கு 119). அந்த மையம் முகத்திலிருந்து 365 மி.மீ. தள்ளி இருப்பதால் முகத்தில் 1,315 ஆகிறது. பீமின் எதிர்பார்க்கப்படும் பலமோ 1,245தான்.

45 மி.மீ. வெட்டிப் பாருங்கள். மாடுலஸ் 23.6 லட்சம், உச்ச மொமென்ட் 1,031, ஷியர் 379, முகத்தில் 1,169. 1,245க்குள் வந்துவிட்டது. வளைவின் ஆரம் 585 மி.மீ. வரும், அதை டிராயிங்கில் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் பட்டறையில் மூலையைச் சதுரமாக வெட்டிவிடுவார்கள், விரிசல் தொடங்க அந்த ஒரு மூலை போதும். ஒன்று மறக்க வேண்டாம்: வெட்டினால் பீமின் விறைப்பும் குறையும், டிரிஃப்டை (மாடியின் பக்கவாட்டு நகர்வு) மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

மறுமொழி 2

பேக்கிங் பட்டை பற்றி. 1994 ஜனவரி 17 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் உடைந்த இணைப்புகளில் பெரும்பாலானவை கீழ் ஃபிளாஞ்ச் வெல்டின் வேரில்தான் தொடங்கின. பட்டைக்கும் தூணுக்கும் நடுவே உருகாமல் நிற்கிற இடுக்கு ஒரு ரெடிமேட் விரிசல். கீழே பட்டை ஃபிளாஞ்சின் வெளிமுகத்தில், இழுவிசை உச்சமாக இருக்கும் இடத்தில் உட்காருகிறது. மேலே அதே பட்டை உள்முகத்தில் இருக்கிறது. போதாக்குறைக்கு கான்கிரீட் ஸ்லாப் நியூட்ரல் ஆக்சிஸை (வளையும்போது இழுவையும் அழுத்தமும் இல்லாத கோடு) மேலே இழுப்பதால் கீழ் ஃபிளாஞ்சின் நீட்சி இன்னும் கூடும். வெல்டரும் கீழே ஒரே ஓட்டமாகப் போட முடியாது. வெப் (பீமின் நடுவிலுள்ள செங்குத்துத் தகடு) குறுக்கே நிற்பதால் ஒவ்வொரு பாஸையும் (வெல்டு அடுக்கு) நடுவில் நிறுத்தி மறுபக்கத்திலிருந்து தொடரணும். கசடு சிக்குவது அங்கேதான்.

கீழே: பட்டையை ஏர் ஆர்க்கால் (மின்பொறியால் உருக்கிக் காற்றால் ஊதி நீக்கும் முறை) எடுத்து, வேரை நல்ல உலோகம் தெரியும்வரை பின்பக்கத்திலிருந்து கோதி, நிரப்பி, 8 மி.மீ. ஃபில்லெட் (மூலையை நிரப்பும் முக்கோண வெல்டு) போடணும். மேலே: பட்டை இருக்கட்டும், ஆனால் பட்டைக்கும் தூணுக்கும் 8 மி.மீ. ஃபில்லெட் வேண்டும். பட்டையைப் பீம் ஃபிளாஞ்சின் அடியோடு சேர்த்து வெல்டு பண்ணவே கூடாது. பண்ணினால் விசை பட்டை வழியாக ஓடி அந்த இடுக்கையே திறக்கும். வெல்டு டேபுகளையும் (வெல்டின் முனைகளில் தற்காலிகமாக வைக்கும் துண்டுகள்) எடுத்து முனையைக் கிரைண்ட் பண்ணணும்.

எலெக்ட்ரோடையும் பாருங்கள். அன்று பரவலாக ஓடிய ஈ70டி-4க்கு டஃப்னெஸ் (விரிசலைத் தாங்கும் திறன்) நிபந்தனையே கிடையாது. இன்று இந்த வெல்டுகளுக்கு மைனஸ் 18 டிகிரியில் 27 ஜூல், 21 டிகிரியில் 54 ஜூல் கேட்கணும்.

கேட்டவர்

நன்றி, 45 போட்டுவிட்டேன். கேஸ் கட்டிங்கில் வெட்டு விளிம்பில் பள்ளம் விழுந்தால் நிரப்பலாமா?

மறுமொழி 1

6 மி.மீ. வரை கிரைண்டிங் போதும். பள்ளத்தின் இருபுறமும் அதன் ஆழத்தைப் போல் 5 மடங்காவது நீளத்துக்குச் சரித்து இழைக்கணும். அதற்கு மேல் என்றால் டிசைன் எஞ்சினியரைக் கேட்காமல் பட்டறையில் தொடக்கூடாது. தூண் முகத்திலிருந்து வெட்டு முடியும்வரை, உங்கள் கணக்கில் 590 மி.மீ., பாதுகாக்கப்பட்ட பகுதி. ஷியர் ஸ்டட், சீலிங் ஹேங்கர், டேக் வெல்டு எதுவும் வரக்கூடாது. ஏசி டக்ட் ஆட்கள் பிறகு வந்து கிளிப் அடித்துவிட்டுப் போவதுதான் வழக்கமான தொல்லை, பெயின்டில் குறி போட்டு வையுங்கள்.

மறுமொழி 3

பேனல் ஸோனை (பீம்கள் சேரும் இடத்தில் தூணின் வெப் பகுதி) யாரும் தொடவில்லையே. தூணுக்கு இருபுறமும் இதே பீம், மாடி உயரம் 4 மீ. என்று வைத்தால் பேனல் ஷியர் 3,200 கிலோநியூட்டனைத் தாண்டும். தூண் ஃபிளாஞ்சின் பங்கைச் சேர்க்காவிட்டால், 360 ஆழத் தூணில் வெப்பும் டபுளர் தகடும் (வெப்போடு சேர்த்து வெல்டு செய்யும் கூடுதல் தகடு) சேர்ந்து சுமார் 43 மி.மீ. வேண்டும். 600 ஆழத் தூணென்றால் 26 பக்கம் முடிந்துவிடும். டபுளர் தகட்டுக்குப் போகும் வெல்டிங் கூலியைக் கணக்குப் போட்டால் பெரும்பாலும் ஆழமான தூணே மலிவு. வலுவான தூண், பலவீனமான பீம் சரிபார்ப்பும் அதில் சுலபமாகக் கடக்கும்.