புதுப்பிப்பு: அந்தக் கீச்சொலிக் கருவி அகப்பட்டுவிட்டது

சென்ற வாரம் புலம்பியிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை, ஒழுங்கே இல்லாமல் 'கீச்' என்று கத்தும் கட்டைவிரல் அளவுக் குறும்புக் கருவி ஒன்றைத் தம்பியின் அறையில் ஒளித்துவைத்தேன். இரண்டே நாளில் அந்தச் சத்தம் என் அறையில் கேட்கத் தொடங்கியது. "நான் தொடவே இல்லை அண்ணா" என்று சாதித்தான்.

நேற்று கிடைத்தது. மேசை விளக்கின் அடித்தட்டில், காந்தத்தால் பல்லிபோல் ஒட்டிக்கொண்டிருந்தது! அந்த விளக்கை நான்கு முறை நகர்த்தியிருக்கிறேன். கவிழ்த்துப் பார்க்கத்தான் புத்தி போகவில்லை.

திசை பிடிபடாததற்குக் காரணம் இருக்கிறது. தாழ்ந்த சுருதியில் வரும் ஒலி இரு காதுகளையும் எட்டும் நேர வித்தியாசத்தை மூளை கணக்கிடும். உயர்ந்த சுருதியென்றால், தலை மறைப்பதால் ஒரு காதில் சத்தம் குறைவதைக் கவனிக்கும். இந்தக் கீச்சைப்போல் இடைப்பட்ட 2,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 2,000 அதிர்வு) அளவில் இரண்டு வழியும் சரியாகக் கைகொடுப்பதில்லை. தலையைத் திருப்புவதற்குள் கீச்சும் ஓய்ந்துவிடுகிறது, பாவி!

பாட்டரி தீரும்வரை பொறுத்திருக்கலாம் என்றும் நினைத்தேன். உள்ளே இருப்பது 3 வோல்ட் பொத்தான் மின்கலம். கீச்சுகளுக்கு நடுவே சில்லு உறங்கிவிடுவதால் அது மாதக்கணக்கில் தாங்கும்.

கடைசியில் இடத்தைச் சொன்னதே தம்பிதான். நான் நம்பவில்லை. 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜிபி இடத்துடன் அறிமுகமானபோதும் பலர் அதை ஏப்ரல் முட்டாள் விளையாட்டு என்றே நினைத்தார்கள்.

மின்கலத்தைக் கழற்றி என் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். தம்பி புதியது ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறான்.