டிசம்பரில் விரித்த பெர்முடா சாட் (மண்ணோடு வெட்டி எடுத்த புல் பாய்) வைக்கோலாகக் கிடக்கிறது, உயிர் இருக்கா?

புதுவீட்டுக்காரன் (பிரிஸ்கோ, டெக்சாஸ்):
டிசம்பர் கடைசியில சாவி வாங்கினோம். அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் பில்டர் ஆளுங்க சாட் விரிச்சிருக்காங்க. இப்ப ஜனவரி பாதி. முழுக்க வைக்கோல் நிறம். ஓரத்தைத் தூக்கினா கோரைப்பாய் மாதிரி எழும்பி வருது, அடியில ஒரு வேர்கூட இறங்கல. டிரைவ்வே பக்கம் ரெண்டு பாய்க்கு நடுவுல விரல் நுழையுது. பில்டர் "தூங்குது, ஏப்ரல்ல எந்திரிக்கும்"ங்கிறார். ஊர்ல இருந்து வந்திருக்கிற மாமனார் "இது மாட்டுக்குத்தான் ஆகும்"ங்கிறார். தண்ணி, உரம், மேல ரை (குளிர்காலப் புல்) விதை, எதைச் செய்யணும்?

கரிசல்காட்டான் (பிளேனோ):
மாமனார்கிட்ட இது நம்ம அருகம்புல் சாதிதான்னு சொல்லுங்க, நம்பிடுவார். மண்சூடு 50-55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ போனா இலையை விட்டுட்டு, தண்டுலயும் கிழங்குலயும் உயிரைப் பிடிச்சுக்கும். குளிர்ல வேர் இறங்காது, அதனால பாய் மாதிரி தூக்க வர்றதுல ஆச்சரியமில்ல.

இப்ப பெரிய எதிரி குளிர் இல்ல, காஞ்சு போறதுதான். பாய்ல ஒட்டியிருக்கிற மண் ஒரு இஞ்சுகூட வராது. வடக்குக் காத்து ரெண்டு நாள் அடிச்சா அது பொரியா வறண்டுடும், ஓரம்தான் முதல்ல போகும். மழை இல்லாத வாரம் ஒரு தடவை நல்லா நனைங்க. உறைபனி எச்சரிக்கை வந்தா முந்தின நாள் பகல்லயே தண்ணி விட்டுடுங்க, ராத்திரி ஸ்பிரிங்ளர் ஓடினா நடைபாதை கண்ணாடி ஆயிடும். இடைவெளியில மணல் கலந்த மண்ணைப் போட்டு மட்டம் பண்ணுங்க. நம்ம ஏரியா கரிசல் வெடிக்கிற மண், விட்டா விரல் நுழையுற இடத்துல கையே நுழையும்.

உரம் முழுக்கப் பச்சை ஆனப்புறம்தான். ரை விதை வேண்டவே வேண்டாம். வசந்தத்துல பெர்முடா முளைக்கிற நேரம் அது வெயிலையும் தண்ணியையும் பிடுங்கிக்கும்.

அட்லாண்டா அக்கா:
தம்பி, வாரம் ஒரு தடவைன்னு கண்ணை மூடிக்கிட்டு விடாதீங்க. எங்க செம்மண்ல அப்படி விட்டு ஒரு மூலை அழுகிப்போச்சு, தூக்கினா சாக்கடை நாத்தம். ஸ்க்ரூடிரைவரைக் குத்துங்க. பாயைத் தாண்டி மூணு இஞ்சு சுலபமா இறங்கினா அன்னிக்குத் தண்ணி வேண்டாம். பிப்ரவரியில எல்லாரும் களைமுளைப்புத் தடுப்பு மருந்து போடுவாங்க, பார்த்து நீங்களும் போட்டுடாதீங்க. வேர் பிடிக்காத சாட்ல அது வேரையே முடக்கும். வெண்பனி படிஞ்ச காலையில மேல நடக்காதீங்க.

உயிர் இருக்கான்னு தெரியணும்னா நடுவுல ஒரு துண்டு, ஓரத்துல ஒரு துண்டு, உள்ளங்கை அளவு வெட்டித் தொட்டியில வெச்சு வெயில் வர்ற ஜன்னல்ல ஈரமா வையுங்க. மூணு வாரத்துக்குள்ள தெரிஞ்சிடும்.

புதுவீட்டுக்காரன்:
பதினாறாம் நாள் நடுத்துண்டுல ஊசி ஊசியா ஏழெட்டுப் பச்சை முளை. டிரைவ்வே ஓரத்துண்டுல ஒண்ணுமில்ல, தண்டை வளைச்சா சுள்ளி மாதிரி ஒடியுது. நடுத்துண்டுல தண்டு வளையுது, நகத்தால சுரண்டினா உள்ள வெள்ளை. மாமனார் முளையில ரெண்டைக் கிள்ளிப் பிள்ளையாருக்கு வெச்சுட்டார். ஓரத்தை இப்பவே மாத்தச் சொல்லிக் கேக்கவா?

கரிசல்காட்டான்:
இன்னிக்கே போட்டோ எடுத்து பில்டருக்கு மெயில் போடுங்க, தேதியோட. தோட்டத்துக்கு எத்தனை நாள் பொறுப்புன்னு வீட்டுப் பத்திரத்துல பாருங்க, சில பேருக்கு முப்பது நாள்தான் எழுதியிருக்கும். மாத்துறது ஏப்ரல்ல போதும், இப்ப போட்டா அதுவும் அந்த ஓரத்துல காயும். ஒரு அடி அகலம்தான்னா மாத்தவே வேண்டாம், ஜூன், ஜூலை வெயில்ல பக்கத்துப் புல்லே ஓடி வந்து மூடிடும். கடைக்காரர் முழு பேலட் (மரத்தட்டுல அடுக்கின மொத்தச் சாட்) தலையில கட்டப் பார்ப்பார், அது சுமார் 450 சதுர அடி வரும். உங்களுக்கு எட்டுப் பத்துத் துண்டு போதும்.