புதுப்பிப்பு: கிளட்ச் மாற்ற 24,500 ரூபாய் நியாயமா?

என் காரின் கிளட்சை மாற்றக் கும்பகோணம் பட்டறை தந்த மதிப்பீட்டைப் பற்றிப் போன வாரம் கேட்டிருந்தேன். "பாகம், கூலி, வரி என்று பிரித்து எழுதி வாங்குங்கள்" என்றீர்கள்; வாங்கினேன்.

கிளட்ச் போனது உண்மைதான். கைபிரேக் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை விட்டேன். நின்றுபோக வேண்டிய இன்ஜின் நிற்காமல் உறுமியது. பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் விலையிலும் குறையில்லை. ஆனால் கியர்பாக்ஸ் இறக்கும் கூலி இரண்டு இடத்தில் இருந்தது: கிளட்சுக்கு ஒன்று, கிளட்ச் பிளேட் அழுந்தும் இன்ஜின் சக்கரமான பிளைவீலைப் பார்க்க ஒன்று. ஒருமுறை இறக்கினால் இரண்டும் கண்முன்னே! உதிரிபாகங்களுக்கு வரியும் பழைய 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் அது 18.

சண்டை போடவில்லை, விரலை வைத்துக் காட்டினேன். "பழைய படிவம் சார்" என்று பட்டறைக்காரர் அடித்துத் திருத்தினார். மொத்தம் 19,800 ரூபாய் ஆனது. பழைய பிளேட்டையும் கேட்டு வாங்கினேன். உராய்வுப் பட்டை தீர்ந்து, அதைப் பிடித்திருக்கும் ரிவெட் தலைகள் பளபளவென்று தேய்ந்திருந்தன.